ஒரு முளைக்கு இரண்டு இடங்கள்

என் மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலில் பொருத்தியிருக்கும் வழிகாட்டிக் கருவி மழையில் நனைந்தாலும் பழுதாகாது, கீழே விழுந்தாலும் உடையாது, கையுறை போட்ட விரலாலும் அழுத்தலாம் என்று அதன் பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். மூன்றும் உண்மை. வழி காட்டும் என்றும் அச்சடித்திருந்தார்கள். நான்கில் மூன்று சரி என்றால் என் வகுப்பில் எழுபத்தைந்து புள்ளிகள். அது பரீட்சையில் நல்ல சித்தி. ஆகையால் நான் யாரிடமும் முறையிட்டதில்லை.

நான் கணித ஆசிரியன். பயணம் போவதையும் ஒரு கணக்காகவே செய்கிறவன். புறப்படுவதற்கு முன் கணினியில் வரைபடத்தைத் திறந்து, போக வேண்டிய பாதையைப் புள்ளி புள்ளியாகக் குறித்து, அதைக் கருவியில் ஏற்றுவேன். மேலதிக பற்றரிகளைப் பொலித்தீனில் சுற்றுவேன். அந்தப் பொலித்தீன் கிழிந்தால் சுற்ற இன்னொரு பொலித்தீனும் வைப்பேன். இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி ஒரு தடவை, "இவ்வளவு சாமானோட சந்திரனுக்கே போயிட்டு வந்துட்டாங்க. நீங்க றக்வான பக்கந்தானே போறீங்க?" என்று கேட்டாள். சந்திரனில் தோட்டப் பாதைகள் இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லை.

என்னோடு வருகிறவர் மாவனல்லையில் டயர்க் கடை வைத்திருக்கும் நண்பர். என்னைவிட மூத்தவர், ஆகவே முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எனக்கு அவர் நானா. நான் ஆசிரியர், ஆகவே அவருக்கு நான் சேர். நானாவிடம் கருவி எதுவும் கிடையாது. கடையைக் கண்டால் நிறுத்துவார், பிளேன்டீ கேட்பார், குடித்து முடித்த பிறகு வழி கேட்பார். இரண்டு கடைகளில் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது கடையில் இன்னொரு பிளேன்டீ. இந்த முறையில் அவர் ஒருபோதும் வழிதவறியதில்லை. ஆனால் அதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் திட்டம், றக்வானவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக ஏறி மலையின் மறுபக்கம் இறங்குவது. வழக்கம்போல ஒரு கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டே நானாவிடம் சிங்களத்தில், "பாலம கெடிலா, மாத்தயா. யன்ன பே" என்றார். பாலம் உடைந்துவிட்டது, போக முடியாது என்பதை எந்த மொழியிலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் என் திரையில் பாலம் இருந்தது. கருவி வானத்துச் செய்மதிகளோடு தொடர்பில் உள்ளது. கடைக்காரர் பக்கத்து வெற்றிலைக் கடையோடு தொடர்பில் உள்ளவர். நான் செய்மதிகளின் பக்கம் நின்றேன்.

ஆற்றில் பாலத்தின் இரண்டு முனைகள் மட்டும் இருந்தன. நடுவில் ஓர் எருமை கழுத்தளவு நீரில் கிடந்து எங்களைப் பார்த்தது. திரையில் எங்கள் அம்புக்குறி பாலத்தின் வாயில் நின்று, நேரே போகச் சொல்லித் துடித்துக்கொண்டிருந்தது.

"சேர், மெசின்ல பாலம் ஈக்குதானே?" என்றார் நானா. "நீங்க மெசின்ல போங்கோ. நான் சுத்தி வாறன்."

நான் வண்டியைத் திருப்பினேன். கருவிக்கு மானம் இல்லை என்பது அதன் பெரிய பலம். பாலம் இல்லாதது பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உடனே புதிய வழியொன்றைக் கணக்கிட்டு, பெரிய தோட்டமொன்றின் உள்பாதையால் ஏறச் சொன்னது.

தோட்டத்தின் கேற்றில் காவல்காரர் இருந்தார். இப்படியான இடங்களில் யார், எங்கே, துரையிடம் கேட்டீர்களா என்று அரைமணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இவரோ எங்கள் மழைக்கோட்டுகளைப் பார்த்தார், ஹேண்டிலில் இருந்த மஞ்சள் நிறக் கருவியைப் பார்த்தார், எழுந்து நின்று கேற்றை முழுவதுமாகத் திறந்துவிட்டுச் சலாம் போட்டார். கடைசியில் ஒரு மனிதராவது கருவியின் பெறுமதியை அறிந்திருக்கிறார் என்று எண்ணி நானும் தலையசைத்தேன்.

பாதை ஏற ஏற ஒடுங்கியது. பிறகு புல்லாகியது. பிறகு தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் முன்னால், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில், முடிந்தே போனது. கருவி நேரே போகச் சொன்னது. நேரே ஒரு கொடியில் சேலைகள் காய்ந்தன, அதற்கு அப்பால் படிக்கட்டு. நான் எஞ்சினை நிறுத்துவதற்குள் பீலியடியில் யாரோ சத்தமிட்டார்கள்.

"அளக்குற ஐயாமாரு வந்துட்டாங்க!"

லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஞாயிற்றுக்கிழமை, ஆகவே எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஒரு நிமிடத்தில் எங்களைச் சுற்றிக் குடைகள். கையெல்லாம் மண்ணாக ஓடி வந்த ஒருவர் என் வண்டியையே பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மொதல்ல நம்ம எடத்துக்கு வாங்க. இன்னைக்கே கொன்கிரீட் போடணும்."

"நாங்க அளக்க வந்தவங்க இல்லைங்க. பாதை மாறி வந்துட்டோம்" என்றேன்.

"போன தடவை வந்தவங்களும் இப்பிடித்தான் சொன்னாங்க. சும்மா பாக்க வந்தோம்னாங்க. அப்புறம் முளையடிச்சாங்க."

"இல்லைங்க, நான் பள்ளிக்கூடத்து மாஸ்டர்."

"யாரா இருந்தா என்னாங்க? மெசின் இருக்கே" என்றார் அவர்.

விடயம் இதுதான். லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்குச் சொந்தமாக, ஒரு வீட்டுக்குப் போதுமான பத்து பேர்ச் காணி தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லி வருகிறார்கள். இந்தத் தோட்டத்தில் சொன்னதோடு நிற்காமல் ஆட்களும் வந்திருக்கிறார்கள். எங்களைப் போலவே மோட்டார் சைக்கிளில், எங்களைப் போலவே மழைக்கோட்டு, கையில் மஞ்சள் கருவி. கைவிடப்பட்ட ஒரு தேயிலைச் சரிவைச் சுற்றி நடந்து, எல்லைக்கு முளைகள் அடித்து, இன்ன துண்டு இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீதி வேலைக்குத் திரும்பி வருவதாகவும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேற்றுக்குள் மஞ்சள் கருவியோடு நுழைந்தவர்கள் நாங்கள்தான். காவல்காரரின் சலாமுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

முளைகள் நல்ல வைரமான மரம். ஒரு வீடு வரும்வரை சும்மா நிற்கும் நல்ல முளையை எதற்குப் பயன்படுத்துவது? மாடு கட்டினார்கள். மாடுகள் முளையோடு மேயப் போயின. மிச்சமிருந்தவற்றைக் கீழ்ப்பக்கம் சரிந்த மண் கொண்டுபோனது. என்னைப் பிடித்து வைத்திருந்தவரின் துண்டும், அவருடைய மனைவியின் அண்ணனுடைய துண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் மேலே ஒரு பாறை, அதில் சிவப்புப் பெயின்ற் அடையாளம். அதில் தகராறு இல்லை. கீழே இருந்திருக்க வேண்டிய முளையைத்தான் காணவில்லை. புருஷன் ஓர் இடத்தைச் சொல்லி, சமைக்கும் குசினிக்கு அத்திவாரக் குழி வெட்டியிருந்தார். அண்ணன் இன்னோர் இடத்தைச் சொல்லி, அந்தக் குழிக்குள்ளேயே இறங்கி நின்றுகொண்டார். குழி லயத்துக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்தது; நாங்கள் போனபோது மழைக்கு உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றார்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெண் நின்றாள். ஒருவனுக்கு மனைவி, மற்றவனுக்குத் தங்கை. கொழுந்து பறிக்கிறவள். வீடு கட்ட வேண்டும் என்று சிமெந்து வாங்கிப் போட்டதும் அவள்தான். மூட்டைகள் அவளுடைய லயத்து அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், கூரை ஒழுகாத ஒரே மூலையில் அடுக்கியிருந்தன. எங்களை அங்கே கூட்டிப்போய், அடி வரிசை மூட்டையொன்றை அவள் விரலால் குத்திக் காட்டினாள். விரல் உள்ளே போகவில்லை.

"இன்னைக்கு ஊத்தலைன்னா மத்ததும் கல்லாயிரும் ஐயா. அப்புறம் மூட்டையவே அடுக்கி வீடு கட்ட வேண்டியதுதான்."

"டேப் இல்லையா?" என்று கேட்டார் நானா.

"ரெண்டு பேருகிட்டயும் இருக்கு. எங்க இருந்து புடிக்கிறதுன்னுதான் தெரியல."

நான் மறுபடியும் விளக்கத் தொடங்கினேன். இந்தக் கருவிக்கு அந்த முளை எங்கே இருந்தது என்று தெரியாது. யாராவது அதன் இலக்கத்தைக் கொடுத்தால்தான் அது அங்கே கூட்டிப்போகும். இலக்கம் இல்லாமல் அது வெறும் பெட்டி. இவ்வளவு தெளிவாக விளக்கியதில் எனக்கே திருப்தியாக இருந்தது. விளக்கி முடித்துவிட்டு அவளுடைய கதவைப் பார்த்தேன்.

தோட்டத்துக் கதவுகளில் எப்போதும் எழுத்துகள் இருக்கும். நுளம்பு மருந்து அடிக்க வந்தவர்கள் எழுதியது, குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் எழுதியது. இந்தக் கதவில் சிவப்புப் பெயின்ற்றில் இரண்டு நீண்ட எண்கள் இருந்தன. ஒன்று ஆறு புள்ளியில் தொடங்கியது, மற்றது எண்பது புள்ளியில்: அகலக்கோடும் நெடுங்கோடும். அந்தக் கூட்டத்தில் அவற்றைப் பார்த்து முகம் மலர்ந்த ஒரே முட்டாள் நான்.

"இதை யார் எழுதினது?"

"அளக்க வந்தவங்கதான். கீழ் முளைய அடிச்சிட்டு வந்து எழுதினாங்க" என்றாள் அவள். "எதுக்குன்னு கேட்டேன். உங்களுக்குப் புரியாதுன்னாங்க."

"நான் கரண்டுக்குன்னுதான் நெனச்சேன்" என்று குழிக்குள்ளிருந்து அண்ணன் சொன்னார். "கடைசி நம்பரப் பாத்து லொத்தர் சீட்டுகூட எடுத்தேன்."

"விழுந்திச்சா?" என்று நானா ஆர்வத்தோடு கேட்டார்.

"அதுவும் இந்தக் காணி மாதிரித்தான் பாய். வரும், வரும்."

எண்களைக் கருவியில் இட்டேன். சரிதானா என்று இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, நேர்மையான ஆசிரியன் என்ற முறையில், கருவி துல்லியமானது அல்ல என்று அறிவித்தேன். இப்படியான மலைச்சரிவில், இவ்வளவு முகிலில், மூன்று மீற்றர் வரை பிசகலாம்.

"மூணு மீட்டர்னா எவ்வளவுங்க?" என்றார் அண்ணன்.

நான் குழியின் உள்கரையிலிருந்து அவருடைய வாழை வரிசைக்கு அப்பால் வரை கையைக் காட்டினேன்.

"அதுக்கு எதுக்குங்க மெசின்? என் மச்சானே அவ்வளவு பிசகித்தானே வெட்டியிருக்காரு!"

கூட்டம் சிரித்தது. புருஷன் சிரிக்கவில்லை. "அவரு கெடக்குறாரு, நீங்க நடங்க ஐயா" என்றார்.

கருவியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேலே இருந்த பாறையிலிருந்து கீழ்நோக்கி நடந்தேன். முழு லயமும் என் பின்னால் குடைபிடித்து வந்தது. ஒரு கலியாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. அம்புக்குறி இடதுபக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். வலதுபக்கம் என்றது, திரும்பினேன். வாழைக்கன்றுகளுக்கு நடுவில் நான் சேற்றில் ஒரு காலைப் புதைத்தபோது கருவி 'பீப்' என்று ஒரு சந்தோஷச் சத்தம் போட்டது. வந்து சேர்ந்துவிட்டேனாம்.

புருஷன் அந்த இடத்தில் ஒரு குச்சியை அடித்துவிட்டு நிமிர்ந்தார். குழி முழுவதும் அவருடைய காணிக்குள் இருந்தது. அதோடு அண்ணனின் வாழை வரிசையும் இருந்தது.

"பாத்தியா மச்சான்? மெசின் சொல்லிருச்சு."

அண்ணன் குழியை விட்டு ஏறவில்லை. "மேல இருந்து வந்தா மச்சான் பக்கந்தான் சொல்லும். கீழ இருந்து வந்து காட்டச் சொல்லுங்க."

இதில் எந்தத் தர்க்கமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கீழேயிருந்து நடந்தாலும் அதே இடத்துக்குத்தான் வரவேண்டும் என்ற நம்பிக்கை எனக்கு இருந்ததால் சரியென்றேன். செய்மதிகளின் மானம் என் கையில் இருந்தது. சரிவின் அடிக்குப் போய், திரும்பி, மேல்நோக்கி நடந்தேன். ஊர்வலமும் திரும்பியது. இம்முறை அம்புக்குறி என்னை வாழைப்பக்கம் விடவே இல்லை. அத்திவாரக் குழியின் ஓரத்தால் கூட்டிக்கொண்டு போய், அண்ணன் நின்ற இடத்துக்கு நேராக வைத்து, அதே சந்தோஷத்தோடு 'பீப்' என்றது.

"இப்பதாங்க மெசின் சரியா வேலை செய்யுது!" என்று அண்ணன் தன் காலடியில், குழிக்குள்ளேயே, ஒரு குச்சியை அடித்துக்கொண்டார்.

"அப்ப மொதல்ல சொன்னது?" என்றார் புருஷன்.

"அப்ப அதுக்கு எடம் புடிபடல. புதுசு இல்லையா."

இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் ஆறடி இருந்தது. புருஷன் முதல் குச்சிக்குப் பக்கத்தில் நின்றார், அண்ணன் இரண்டாவது குச்சிக்குப் பக்கத்தில். லயமும் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு நாளும் தேர்தலில் கிடைக்காத தெளிவான பிரிவு. நான் செய்யக்கூடிய ஒன்று மட்டும் இருந்தது. பத்துத் தடவை நடந்து, பத்துப் புள்ளிகளையும் எடுத்து, சராசரி காணலாம் என்றேன். பத்தாம் வகுப்புப் பாடம். அதைச் சொல்லும்போது கரும்பலகையில் எழுதக் கைகூட எழுந்தது.

நானா என் காதருகே வந்தார். "சேர், பத்துத் தரம் நடந்தா பத்துக் குச்சி. பத்துக் குச்சிக்கும் பத்துச் சண்ட. வந்த வழியப் பார்த்து வண்டிய எடுங்கோ."

அந்தப் பெண் இறங்கி வந்து இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் நின்றாள்.

"ஐயா, மெசின் ரெண்டு எடத்தையும் சரின்னுதானே சொல்லுச்சு?"

"ஆமா."

"எதையாச்சும் தப்புன்னு சொல்லுச்சா?"

"அதுக்குத் தப்புன்னு சொல்லத் தெரியாதும்மா."

"அப்ப இந்தக் குச்சி வரைக்கும் எங்களது. அந்தக் குச்சில இருந்து அண்ணனோடது. நடுவுல உள்ளது யாருதும் இல்ல. பாதையா கெடக்கட்டும்."

முதலில் புருஷனுக்குத்தான் கணக்குப் புரிந்தது. அவள் சொன்ன எங்கள் குச்சி, அண்ணன் குழிக்குள் அடித்த குச்சி. வெட்டிய குழி பாதைக்குள் போகிறது. ஐந்து நாள் வெட்டிய குழி என்றார். பிறகு அண்ணனுக்குப் புரிந்தது. பாதையின் மறுகரை அவருடைய வாழைக்குள் இருந்தது.

"என் வாழை எட்டு மரமும் போயிருமே, தங்கச்சி!"

"என் குசினி ஆறடி போகுது, அண்ணே. வாழை திரும்ப மொளைக்கும். குசினி மொளைக்குமா?"

தன் குசினியைப் பற்றி அவள் ஏற்கனவே எங்களுக்குச் சொல்லியிருந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்பு, பாதை தெரிகிற ஒரு ஜன்னல், குனியாமல் நிமிர்ந்து சமைக்க ஒரு மேடை. லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நிமிர்ந்து சமைப்பது என்பது சின்ன ஆசை அல்ல. இப்போது அதை அவள் மறுபடி அளந்தாள். புதிய குச்சியிலிருந்து காலடி காலடியாக வைத்து நடந்து, ஓர் இடத்தில் நின்று கையை மடக்கிப் பார்த்தாள், திரும்பினாள். "ஒரு அடுப்புதான் வைக்கலாம்" என்று தனக்கே சொன்னாள். பிறகு புருஷனைப் பார்த்து, "ஜன்னல மட்டும் விட்ராதீங்க" என்றாள்.

"யாருதும் இல்லாத பாதைய யாரு கூட்டுறது?" என்று அண்ணன் கடைசியாக ஒரு எதிர்ப்பைத் தெரிவித்தார்.

"சண்ட புடிக்கிறவங்க கூட்டுங்க. இனிமே நீங்க ரெண்டு பேரும் அதுல நின்னுதானே சண்ட புடிக்கணும்."

நானா சத்தமாகச் சிரித்தார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஒரு மனிதன் அத்திவாரக் குழிக்குள் நிற்பது கடினம். சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு வெளியே ஏறினார்.

இப்படியாக, உலகத்தில் எந்தப் பொறியியலாளரும் வரையாத ஒரு பாதை உருவாகியது. மேலே பாறையில் ஊசி முனையாகத் தொடங்கி, கீழே ஆறடியாக விரிந்தது. மேலே ஓர் ஆள் பக்கவாட்டாகத்தான் போகலாம், கீழே மாட்டு வண்டி போகலாம். இதன் அகலம் சரியாக என் கருவியின் பிசகு. விலை கொடுத்து வாங்கிய கருவியிலிருந்து எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான முடிவு அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

மறுபக்கம் இறங்கும் எங்கள் திட்டத்தை யாரும் கேட்கவில்லை. குழியின் ஒரு பக்கத்தை மூடி, உள்பக்கமாகப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. அண்ணனும் மண்வெட்டியோடு இறங்கினார், புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாமல். நானா, டயர் தூக்கிப் பழகிய கையால் கல்லாகாத சிமெந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் கொண்டுவந்தார். எனக்குக் கொன்கிரீட் அள்ளும் தாச்சியைக் கைமாற்றும் வேலை. மழைக்கோட்டையும் கையுறையையும் கழற்றவில்லை. கையுறை கொன்கிரீட்டுக்கு நல்லது என்பதும் அதன் பெட்டியில் அச்சடிக்காத ஓர் உண்மை. பாதி வேலையில் தாச்சியைக் கொடுக்கும்போது புருஷன், "மச்சான், பாத்து" என்றார். அண்ணன், "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். சமாதான ஒப்பந்தம் அவ்வளவுதான்.

குழி நிரம்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஒரு பலகையால் மேற்பரப்பை மட்டமாக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஐயா, நாளைக்கு அவங்க திரும்ப வந்து, பெரிய மெசினா கொண்டாந்து, வேற மாதிரி அளந்தாங்கன்னா?"

நான் நேர்மையாகச் சொன்னேன். அவர்களிடம் முக்காலியில் வைக்கும் நல்ல கருவி இருக்கும், அது இவ்வளவு பிசகாது, சட்டப்படி அவர்களுடைய அளவுதான் செல்லும், அந்த அளவு இந்த அத்திவாரத்தை எந்தப் பக்கம் வைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஆகவே அவர்கள் வரும்வரை பொறுத்திருப்பதுதான் உண்மையில் ஒழுங்கான முறை. இதையெல்லாம் அவள் பலகையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வரட்டும் ஐயா" என்றாள். "மொதல்ல வரட்டும்." பிறகு வெறும் தாச்சியை என் கையில் தந்தாள்.